அளக்க ஆளில்லாத இடுப்பு

(குடியிருப்போர் நலச்சங்கக் கூட்டம் ஒன்றில் பொது மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்களையெல்லாம் நாற்காலியில் வரிசையாக உட்கார வைத்துவிட்டு, உட்கார்ந்தே இருப்பதால் வரும் கேட்டைப் பற்றிப் பேசும்படி என்னை அழைத்திருக்கிறார்கள். இந்த அரங்கில் நின்றுகொண்டிருப்பவன் நான் ஒருவன்தான். நடுவில் யாருக்காவது எழுந்துபோய்ப் பின்னால் நிற்கத் தோன்றினால் தாராளமாக நில்லுங்கள். பேச்சு பிடிக்காமல் எழுந்துவிட்டார் என்று நினைத்துக்கொள்ள மாட்டேன்.

லண்டனிலிருந்து தொடங்குகிறேன். இரண்டாம் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளில், ஜெரமி மாரிஸ் என்ற மருத்துவ ஆய்வாளருக்கு ஒரு கேள்வி எழுந்தது. மாரடைப்பு சில தொழில்களில் மட்டும் ஏன் அதிகம்? விடை தேட அவர் எடுத்துக்கொண்டது அந்த ஊரின் இரண்டடுக்குப் பேருந்துகளை. ஒரே வண்டியில் இரண்டு பேருக்கு வேலை. ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். நடத்துநர் டிக்கெட் கொடுப்பதற்காக மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கியபடி இருப்பார். ஒரு பணி நாளில் 500 முதல் 750 படிகள். இருவரும் ஒரே ஊர், ஒரே நிர்வாகம், ஏறத்தாழ ஒரே மாதிரிக் குடும்பப் பின்னணி. 1953-இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வெளியானது. நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. வந்தவர்களிலும் உடனே இறந்தவர்கள் குறைவாக இருந்தார்கள்.

எனக்கு அதைவிடப் பிடித்தது 1956-இல் வந்த அடுத்த கட்டுரை. அதில் மாரிஸ் குழுவினர் ஆராய்ந்தது சீருடைகளை. பேருந்து நிர்வாகம் ஊழியர்களுக்குக் கால்சட்டை தைத்துக் கொடுக்கும். அதற்கான அளவுக் குறிப்பேடு நிர்வாகத்திடம் இருந்தது. அதைப் புரட்டிப் பார்த்தால், எந்த வயதை எடுத்தாலும் ஓட்டுநர்களின் இடுப்பளவு நடத்துநர்களுடையதைவிடப் பெரிது. ஓட்டுநர் வேலைக்குக் கொஞ்சம் பருத்தவர்களே வந்து சேர்ந்திருக்கலாம் அல்லவா என்று நீங்கள் கேட்பது நியாயம். மாரிஸும் அதை யோசித்தார். தொந்தி வைத்த நடத்துநர்களைத் தனியே எடுத்துப் பார்த்தபோதும் அவர்களுக்கு மாரடைப்பு ஓட்டுநர்களைவிடக் குறைவாகவே இருந்தது. உடம்பு அசைவதால் வரும் நன்மை, எடை குறைகிறதோ இல்லையோ, தனியாக வந்து சேர்கிறது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இரண்டு மாதம் நடந்துவிட்டு, எடைக் கருவியில் முள் நகரவில்லை என்று நடப்பதையே விட்டுவிடுகிறவர்களை நான் வாரந்தோறும் பார்க்கிறேன்.

லண்டன் ஓட்டுநருக்கு ஒரு தையல்காரராவது இருந்தார். நமக்கு யார் இருக்கிறார்கள்? 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து, லேப்டாப் வீட்டுக்கு வந்தது. அதோடு பெல்ட் போனது, இன் பண்ணிய சட்டை போனது. ஆண்களுக்குக் கைலி அல்லது எலாஸ்டிக் வைத்த டிராக் பேண்ட், பெண்களுக்கு நைட்டி. கேமராவில் தெரியும் அளவுக்கு மேலே மட்டும் ஒரு நல்ல சட்டை. கைலி போன்ற பெருந்தன்மையான உடை உலகத்தில் கிடையாது; இடுப்பு 4 அங்குலம் கூடினாலும் ஒரு வார்த்தை சொல்லாமல் இடம் கொடுக்கும். பிறகு ஒரு கல்யாணம் வருகிறது, பழைய பேண்டை எடுத்துப் போடுகிறார்கள், அன்று மாலை எனக்கு ஃபோன் வருகிறது: “டாக்டர், திடீர்னு வெயிட் போட்டுட்டேன்.” திடீரென்று ஒன்றும் இல்லை. அது ஒவ்வொரு நாளும் வந்துகொண்டிருந்தது. அளக்கத்தான் ஆள் இல்லை.

என்ன நடந்தது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். தாம்பரத்திலோ ஆவடியிலோ இருந்து ஐ.டி. கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவருடைய பழைய நாளை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு நடை. நடைமேம்பாலப் படிகள். மின்சார ரயிலில் உட்கார இடமில்லாமல் நிற்பது. இறங்கி ஷேர் ஆட்டோவுக்கு ஓட்டம். அலுவலக வளாகத்தில் வாசலிலிருந்து லிஃப்ட் வரை ஒரு நடை, காபி மெஷினுக்கு, வேறு தளத்து மீட்டிங் ரூமுக்கு, சாப்பிட கேன்டீனுக்கு, சாப்பிட்டபின் நண்பர்களோடு கீழே ஒரு சுற்று. இதில் எதையும் அவர் உடற்பயிற்சி என்று கணக்கில் எழுதியதில்லை. “எனக்கு எக்ஸர்சைஸ் பண்ண நேரமே இல்லை” என்றுதான் அன்றும் சொல்லிக்கொண்டிருந்தார். இன்று அவருடைய கட்டிலுக்கும் மேசைக்கும் இடையே பத்தடி.

இந்தக் கணக்கில் வராத அசைவுகளைத் தன் வாழ்நாள் ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டவர் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் இருந்த ஜேம்ஸ் லெவின். 1999-இல் அவர் குழு 16 பேருக்கு 8 வாரங்கள், தினமும் தேவைக்கு மேல் 1,000 கலோரி கூடுதலாகச் சாப்பிடக் கொடுத்தது. எல்லாருக்கும் ஒரே கூடுதல். ஆனால் ஒருவருக்குக் கூடிய கொழுப்பு அரைக் கிலோகூட இல்லை. இன்னொருவருக்கு 4 கிலோவுக்கு மேல். வித்தியாசத்தின் பெரும் பகுதி, தாங்களே அறியாமல் எழுவது, நடப்பது, நெளிவது, நிற்பது ஆகியவற்றில் இருந்தது. 2005-இல் அவர்களே ஒல்லியானவர்களையும் பருமனானவர்களையும் ஒப்பிட்டபோது, பருமனானவர்கள் ஒரு நாளில் 2 மணி நேரத்துக்கும் மேல் அதிகமாக உட்கார்ந்திருந்தார்கள். அந்த இடைவெளியின் மதிப்பு நாளுக்குச் சுமார் 350 கலோரி.

அப்படியானால், வேலை குறைந்தால் பசியும் குறைய வேண்டும்தானே? உடம்புக்கு அந்த அறிவு இருக்காதா? இதற்கான விடை நம் நாட்டிலிருந்தே வந்தது. ழான் மேயர் என்ற ஊட்டச்சத்து அறிஞரும் அவரது வங்காளத் தோழர்களும் கல்கத்தா அருகே ஒரு சணல் ஆலையில் 213 ஆண்களை ஆராய்ந்து, 1956-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆலையில் எல்லா வகை உழைப்பும் இருந்தது: மூட்டை தூக்குகிறவர், தறியில் நிற்பவர், நாற்காலியில் இருக்கும் எழுத்தர், கடையில் உட்கார்ந்தே பொழுதைப் போக்கும் கடைக்காரர். உழைப்பு கூடினால் உணவும் கூடுகிறது, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் உழைப்பு ஓர் எல்லைக்குக் கீழே இறங்கியதும் உணவு அதோடு சேர்ந்து இறங்கவில்லை. மாறாக ஏறியது. உட்கார்ந்தே இருந்தவர்கள் மூட்டை தூக்கியவர்களுக்கு இணையாகச் சாப்பிட்டார்கள். எடையும் அவர்களுக்கே அதிகம். ஓரளவு அசைந்துகொண்டிருந்தால்தான் பசி என்கிற கணக்குப்பிள்ளை ஒழுங்காகக் கணக்கெழுதுகிறான். அசைவே இல்லாவிட்டால் அவன் இஷ்டத்துக்கு எழுதுகிறான்.

இதற்குமேல் மூளை வேலை என்று ஒன்று இருக்கிறது. கனடாவின் லாவால் பல்கலைக்கழகத்தில் 2008-இல் 14 மாணவிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். 45 நிமிடம் ஒரு நாள் சும்மா ஓய்வு. ஒரு நாள் படித்துச் சுருக்கி எழுதுவது. ஒரு நாள் கணினியில் தேர்வு. முடிந்ததும் வேண்டிய அளவு சாப்பிடலாம். மூளை வேலைக்காக உடம்பு கூடுதலாகச் செலவழித்தது 3 கலோரி. ஆனால் ஓய்வு நாளைவிட அவர்கள் கூடுதலாகச் சாப்பிட்டது 200 கலோரிக்கு மேல். கிளையன்டோடு ஒன்றரை மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு ஹெட்செட்டைக் கழற்றியதும் வயிற்றைக் கிள்ளுகிறதே, அந்தப் பசி இந்த வகை.

அப்போது அடுக்களை எங்கே இருக்கிறது? அடுத்த அறையில்.

வீட்டு அடுக்களையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் குற்றவாளி என்று எல்லாரும் கைகாட்டுவது ஸ்விகியையும் சொமாட்டோவையும். அவற்றில் குற்றம் இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் என்னிடம் வருகிறவர்களிடம் நேற்று சாப்பிட்டதை எழுதச் சொன்னால், பாதிப் பேருடைய பட்டியலில் வெளிச் சாப்பாடே இருக்காது. “வீட்டுச் சாப்பாடுதான் டாக்டர்.” சரி, வீட்டுச் சாப்பாடுதான். காலையில் பையன் லாக்-இன் செய்தவுடன் அம்மா கதவைத் தள்ளிக்கொண்டு தட்டில் தோசை கொண்டுவருகிறார். கண் திரையில், கை தட்டில். “இன்னொண்ணு வெக்கட்டா கண்ணு?” என்று வாசலிலிருந்து ஒரு குரல், மைக் ஆனில் இருப்பதால் தலையை மட்டும் ஆட்டுகிறான். எத்தனை தோசை என்று சாப்பிட்டவனுக்கும் தெரியாது, ஊற்றியவருக்கும் தெரியாது. பதினொரு மணிக்கு டீ. மேசை ஓரத்தில் மிக்சர் சம்படம். மதியம் சாதம், சாம்பார், கூடவே ஒரு வறுவல். நாலு மணிக்கு மழை வந்தால் பஜ்ஜி. மழை வராவிட்டாலும் பஜ்ஜி.

எண்களைச் சொல்கிறேன். 4 டீ, டீக்கு 2 கரண்டி சர்க்கரை. ஒரு கரண்டி 5 கிராம் என்று வைத்தால் 40 கிராம் சர்க்கரை, 160 கலோரி. பால் தனி. மிக்சர் 100 கிராமில் 500 கலோரிக்கு மேல் இருக்கும். ஒரு கைப்பிடி 30 கிராம் என்றால் 150. சமையலில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 120. மனித உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரி. தினமும் 100 கலோரி மிஞ்சினால் காகிதக் கணக்கில் ஆண்டுக்கு நாலரைக் கிலோவுக்கு மேல். நிஜத்தில் அவ்வளவு ஏறாது. எடை கூடக்கூட உடம்பின் செலவும் கூடுவதால் ஓர் இடத்தில் நின்றுவிடும். ஆனால் அந்த இடத்தில் நின்றதும் நாம் இன்னொரு கைப்பிடி சேர்த்துக்கொள்கிறோம்.

நான் கேட்பது டயட் அல்ல. இரண்டே ஏற்பாடுகள். முதலாவது, வேலை மேசைக்குத் தண்ணீர் தவிர வேறெதுவும் வரக்கூடாது. சாப்பாடு சாப்பிடும் இடத்தில்தான். தட்டில் எவ்வளவு என்று கண்ணால் பார்த்து, எழுந்து போய், உட்கார்ந்து, சாப்பிட்டு, எழுந்து வருவது. தரையில் உட்கார்ந்து சாப்பிட முடிந்தவர்கள் அப்படியே சாப்பிடுங்கள். கையை ஊன்றாமல் எழ முடிகிறதா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். இரண்டாவது, சாதத்தையும் மாவையும் குறைத்து, பருப்பு, பயறு, முட்டை, மீன், தயிர், காய் ஆகியவற்றைக் கூட்டுவது. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில், தானியங்களிலிருந்து வரும் சக்தி 45 சதவீதத்துக்கு மேல் போக வேண்டாம் என்கிறது. நம் வீடுகளில் இட்லி, சாதம், தோசை என்று மூன்று வேளையும் தானியமே ஓடுகிறது. நாலு மணிப் பசிக்குச் சுண்டலைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது. கோயிலில் கிடைத்தால் வரிசையில் நின்று வாங்குகிறோம், வீட்டில் செய்ய மட்டும் மறந்துவிடுகிறோம். அரிசியை விட்டுவிட்டுக் கம்புக்கு மாறிவிட்டேன் என்று பெருமையாகச் சொல்கிறவர்களுக்கு: கம்பு நல்லதுதான். நாலு கம்பு தோசையும் நாலு தோசைதான்.

பாக்கெட் தின்பண்டங்களைப் பற்றி ஒரு தகவல் போதும். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் 2019-இல் 20 பேரை ஆய்வுக்கூடத்திலேயே தங்க வைத்து, இரண்டு வாரம் ஆலையில் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் சாதாரண சமையலும் கொடுத்தார். சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் சமமாகப் பரிமாறப்பட்டன; எவ்வளவு சாப்பிடுவது என்பது அவரவர் விருப்பம். பதப்படுத்திய உணவு தந்த வாரங்களில் அவர்கள் தினமும் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள்.

இப்போது அந்த இடுப்பளவுக்கு வருவோம். நம்மவர்களுக்கு எடையைவிட அது முக்கியம். இதற்கு ஒரு புகழ்பெற்ற படம் உண்டு. 2004-இல் ‘லான்செட்’டில் வெளியான, புனேயைச் சேர்ந்த டாக்டர் யாக்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்ட படம். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. இருவருக்கும் 22.3. உடம்பில் கொழுப்போ, யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2. பார்க்க ஒல்லியாக இருந்துகொண்டே வயிற்றுக்குள் கொழுப்பைச் சேர்த்து வைப்பது நம் உடல்வாகு. அதனால்தான் இந்தியர்களுக்கு எல்லைகள் வேறு: பி.எம்.ஐ. 23-இலேயே எடை அதிகம், 25-இல் பருமன். இடுப்பு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. சென்னை மருத்துவர்கள் முன்னின்று நடத்திய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) ‘இண்டியாப்’ ஆய்வு 2023-இல் சொன்னபடி, நாட்டில் வயிற்றுப் பருமன் உள்ளவர்கள் 39.5 சதவீதம், பொதுவான பருமன் 28.6 சதவீதம். இந்த இரண்டு எண்களுக்கும் இடையே இருக்கிறவர்கள் எடைக் கருவியில் ஏறி இறங்கி நிம்மதியாக வீட்டுக்குப் போகிறவர்கள்.

தையல் டேப் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டபின், வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும். மாதம் ஒருமுறை, ஒரே தேதியில். நாள்காட்டியிலேயே எழுதி வையுங்கள். தினமும் எடை பார்க்கிறவர்களை நான் ஊக்குவிப்பதில்லை. உப்பு கூடினால்கூட மறுநாள் அரைக் கிலோ கூடிக் காட்டும், மனசு கெட்டுவிடும்.

அடுத்தது அசைவு. ‘ஸ்டாண்டிங் டெஸ்க்’ வாங்கலாமா என்று கேட்கிறார்கள். உட்கார்வதற்கும் நிற்பதற்கும் உள்ள வித்தியாசம் நிமிடத்துக்கு 0.15 கலோரி. 6 மணி நேரம் நின்றால் 54. ஒரு சின்ன லட்டுக்கு ஈடாகாது. முதுகுக்கு இதமாக இருந்தால் வாங்குங்கள், எடைக்காகப் பணம் போடாதீர்கள். நிற்பதைவிட நடப்பதில்தான் பலன். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 2023-இல் 11 பேரை வைத்துப் பார்த்தபோது, அரை மணிக்கு ஒருமுறை 5 நிமிடம் மெதுவாக நடந்தவர்களுக்குச் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறும் அளவு, நாள் முழுக்க உட்கார்ந்திருந்ததைவிட 58 சதவீதம் குறைவு. சிறிய ஆய்வுதான், ஆனால் வேறு சில ஆய்வுகளும் அதே திசையில்தான் கைகாட்டுகின்றன. பேச வேண்டிய அவசியமில்லாத மீட்டிங்குகள் ஒரு வாரத்தில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்; அவை எல்லாம் மொட்டைமாடிக்குப் போகட்டும்.

அலுவலகம் இருந்த காலத்தில் பயணம் நம்மை நடக்க வைத்தது. அந்தப் பயணத்தைத் திரும்ப உண்டாக்குங்கள். லாக்-இன் செய்வதற்கு முன் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் 20 நிமிடம். லாக்-அவுட் ஆனதும் மறுபடி 20 நிமிடம். வேலை முடிந்தது என்று மனத்துக்கும் அப்போதுதான் தெரிகிறது. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது இதிலேயே வந்துவிடும். கூடவே வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை: தண்டால், பஸ்கி, முடியாதவர்களுக்குச் சுவரில் கைவைத்துத் தள்ளுவது. சாப்பாட்டைக் குறைத்து எடை இறக்குகிறவர்கள் இதைச் செய்யாவிட்டால் கொழுப்போடு தசையும் சேர்ந்து போகும். பத்தாயிரம் அடி என்று கைக்கடிகாரத்தோடு சண்டை போடாதீர்கள். அந்த எண் 1965-இல் ஜப்பானில் ஒரு நடைமானியை விற்கக் கிளம்பிய எண். 4,000 நடக்கிறவர் 7,000 நடந்தால் அது பெரிய காரியம்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், கொஞ்சம் கோபமாகவும். வீட்டிலிருந்து வேலை என்பது ஆணுக்குப் பயண நேரத்தை மிச்சப்படுத்தியது. பெண்ணுக்கு அந்த நேரத்தில் மூன்றாவது சமையலைக் கொடுத்தது. ஒரு காதில் ஹெட்செட், அடுப்பில் குக்கர், விசில் வரும்போது மியூட். தான் சாப்பிடுவது மூன்று மணிக்கு, குழந்தை மிச்சம் வைத்ததையும் சேர்த்து, நின்றுகொண்டே. இவரிடம் போய் “வீட்டு வேலையே நல்ல எக்ஸர்சைஸ்தானே” என்று சொல்லும் கணவர்கள் இந்த அரங்கிலும் இருப்பீர்கள். அடுப்படியில் நிற்பது மூச்சு வாங்கும் உழைப்பு அல்ல. களைப்பை மட்டும் முழுசாகக் கொடுக்கும். மனைவி நடைக்குப் போகும் அந்த 40 நிமிடம் அடுக்களையும் குழந்தையும் உங்கள் பொறுப்பு. இதைச் செய்யாத வீட்டில் அந்தப் பெண்ணுக்கு நான் எழுதித்தரும் எந்த அட்டவணையும் வீண்.

அமெரிக்க நேரத்துக்கு வேலை செய்கிறவர்களுக்குத் தூக்கமே முதல் மருந்து. சிகாகோவில் 2022-இல், ஆறரை மணி நேரத்துக்கும் குறைவாகவே தூங்கிவந்த எடை கூடியவர்களை இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கப் பழக்கினார்கள். சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர்கள் தாமாகவே நாளுக்கு 270 கலோரி குறைத்துச் சாப்பிட்டார்கள். இரவுப் பணி என்றால் பெரிய சாப்பாட்டைப் பணி தொடங்கும் முன் முடித்துக்கொள்ளுங்கள். நள்ளிரவுப் பரோட்டாவை மட்டும் விட்டுவிடுங்கள். அதற்காக என்னிடம் கோபித்துக்கொள்பவர்கள் பலர் உண்டு.

“நாப்பது வயசாச்சு, மெட்டபாலிசம் போச்சு” என்பார்கள். 2021-இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த, 6,000-க்கும் மேற்பட்டவர்களின் அளவுகளைக் கொண்ட ஆய்வு, உடல் அளவுக்கேற்ற சக்திச் செலவு 20 முதல் 60 வயது வரை பெரிதாக மாறுவதில்லை என்று காட்டியது. மாறியது நாற்காலியில் இருக்கும் நேரம். ஆனால் எல்லா எடையும் நாற்காலியால் வந்ததல்ல. சோர்வு, குளிர் தாங்காமை, மாதவிடாய்க் குளறுபடி, பலத்த குறட்டை, பகலில் தூங்கி வழிவது, புதிதாகத் தொடங்கிய ஸ்டீராய்டு அல்லது மனநல மருந்து, இவற்றோடு எடை ஏறினால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். இடுப்பளவில் 90, 80 என்ற எல்லையைத் தாண்டியவர்கள் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, கல்லீரல் ஆகியவற்றைப் பார்த்துவிடுவது நல்லது. எடை குறைக்கும் ஊசிகள் 2025-இல் நம் ஊருக்கும் வந்துவிட்டன. தேவையானவர்களுக்கு அவை நல்ல மருந்து, நானே எழுதித்தருகிறேன். ஆனால் அவற்றில் ஒன்றான செமகுளூடைடை நிறுத்திய ஓராண்டில் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்ததை ஆய்வு காட்டியிருக்கிறது. அன்றாடப் பழக்கம் மாறாவிட்டால் அந்த ஊசியின் பலனும் நிலைக்காது.

இங்கே டீம் லீடர்களும் மேனேஜர்களும் இருக்கிறீர்கள். உங்களிடம் மூன்று வேண்டுகோள். ஒரு மணி நேர மீட்டிங்கை 50 நிமிடத்தில் முடியுங்கள். கேமரா கட்டாயம் என்பதை எடுத்துவிடுங்கள். கேமரா இருந்தால் ஆள் அசைய மாட்டார். மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை எந்த மீட்டிங்கும் போடாதீர்கள். மூன்றுக்கும் நிர்வாகத்தின் ஒப்புதல் வேண்டியதில்லை. நாளைக் காலையே உங்கள் காலண்டரில் செய்துவிடலாம்.

இனி உங்கள் கேள்விகள்.